ஸ்டெல்லா மிஸ்ஸின் இடது ஷூ

செய்தி வந்தபோது என் வலது காலில் ஷூவும் இடது காலில் ரப்பர் செருப்பும் இருந்தன. புது ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை மாதத்து விடியல். முதல் நாள் மழையில் சுவர் நனைந்திருந்ததால் ஸ்கூட்டி துடைக்கும் துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்டெல்லா மிஸ்ஸின் இடது ஷூ. போன் அடித்தது. திரையில் அவர் பெயர். எடுத்ததும், "என்னக்கா, இன்னைக்கு என்ன சாக்கு? மழையா, முதுகு வலியா?" என்று கேட்டேன்.

பேசியது அவர் கணவர் ஆரோக்கியராஜ். "மிஸ், நீங்க வெயிட் பண்ணாதீங்க. போய்டுங்க" என்றார். பின்னால் யாரோ அழுதார்கள். "பெரியாஸ்பத்திரில இருக்கோம். ஸ்டெல்லா போய்ட்டா மிஸ்." நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மனைவி இறந்த அந்த நேரத்திலும், பாலத்தில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை மட்டும் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பள்ளி மலரைப் படிக்கும் பலரும் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் அறிவியல் படித்தவர்கள், அல்லது அவரோடு வேலை பார்த்தவர்கள். மைக் இல்லாமல் மைதானத்தின் கடைசி வரிசைவரை கேட்கும் அந்தக் குரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சோதனைக் குழாயை உடைத்த பிள்ளையைத் திட்டிவிட்டு, மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து அதே பிள்ளைக்கு மீன் வறுவல் எடுத்து வைப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர் பக்கத்து வகுப்பில் ஆங்கிலம் நடத்துபவள் நான், வயதில் மிகவும் இளையவள், ஸ்டாஃப் ரூமில் புத்தகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டிருப்பவள். பள்ளியில் எனக்கும் அவர் 'மிஸ்'தான். விடியற்காலையில் மட்டும் 'அக்கா'. அந்த விடியற்காலை அக்காவைத்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுத முடியும்.

நாங்கள் ஓடினோம். ஓடினோம் என்று சொல்வதைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் ஓடத் தொடங்கியது, இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறியதும் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததால். "பிள்ளைங்க எந்திரிச்சு குட் மார்னிங் சொல்லுதுங்க, பதில் சொல்ல எங்கிட்ட மூச்சு இல்ல" என்பார். நான் தொடங்கியதன் காரணத்தை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. ஒரு வருடம் நான் நன்றாக இல்லை. தூக்கம் என்னை விட்டுப் போயிருந்தது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். உடம்பை அலுக்க வைத்தால் தூக்கம் வரலாம் என்று மருத்துவர் சொன்னார். "நீ ஏண்டி ஓடணும், குச்சி மாதிரி இருக்க?" என்று ஸ்டெல்லா மிஸ் கேட்டபோது, "தூக்கம் வரலை மிஸ்" என்று மட்டும் சொன்னேன். "சரி. ரெண்டு பேருக்கும் மூச்சுதான் பிரச்சினை. எனக்கு வாங்கறதுல, உனக்கு விடறதுல" என்றார். அதற்குமேல் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காதிருந்ததற்கு நான் அவருக்கு நன்றி சொன்னதும் இல்லை.

முதல் மாதங்கள் அவமானமானவை. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஓடுவோம், அதற்கடுத்த கம்பம்வரை நடப்போம். எனக்கு விலாவில் குத்தும். அவருக்கு முழங்கால். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு அவர் வரும்போது பாலத்தடி டீக்கடையில் ஒரு குரல் கண்டிப்பாக எழும்: "என்ன டீச்சர், கும்மாணம் பஸ்ஸை விட்டுட்டீங்களா?" அவர் நிற்க மாட்டார். "ஆமாங்க, நீங்க கொஞ்சம் மறிச்சு வைங்க, வந்துடறேன்" என்று மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே போவார். மைதானத்தில் ஓடும் குழு ஒன்றில் சில நாட்கள் சேர்ந்து பார்த்தோம். எல்லோர் மணிக்கட்டிலும் தூரமும் துடிப்பும் காட்டும் கடிகாரம். எங்களால் முடியவில்லை. திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "அவங்க ஓட்டம் வேற நித்யா. அவங்க வாட்ச்சைப் பாத்து ஓடறாங்க. நாம நாயைப் பாத்து ஓடறோம்."

ஓடுவதைவிடக் கடினமானது எழுந்திருப்பது. ஓடிப் பழகியவர்களுக்கு அது எப்படியோ, எங்களுக்கு ஒவ்வொரு காலையும் புதிதாகத் தோற்கும் வாய்ப்பாக இருந்தது. விடிவதற்கு முன் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: 'மழை வர்ற மாதிரி இருக்கு.' நான் உடனே, 'ஆமாக்கா, எனக்கும் தலை பாரமா இருக்கு' என்று அனுப்புவேன். இரண்டு பேரும் நிம்மதியாகப் படுத்துவிடுவோம். வானத்தில் நட்சத்திரம் தெரியும். இப்படியே ஒரு வாரம் போன பிறகு ஒருநாள் ஓட்டம் முடிந்து பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவர் என் இடது ஷூவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தன்னுடைய இடது ஷூவை என் மடியில் வைத்தார்.

"என்னக்கா இது?"

"நாளைக்கு நீ வரலைன்னா நான் இந்தச் சுவத்துல ஒத்தக் கால்ல ஷூவோட உக்காந்திருப்பேன். டீக்கடையே பாக்கும். முடிஞ்சா படுத்துத் தூங்கு, பாப்போம்."

"எனக்கு உங்க ஷூ பெருசா இருக்கும்."

"அதுக்குத்தாண்டி. போட்டுக்கிட்டு நீ தனியா ஓடிடக் கூடாதுல்ல."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. ஒவ்வொரு காலையும் வலது காலில் ஷூ, இடது காலில் செருப்பு என்று இரண்டு ஸ்கூட்டிகள் பாலத்துக்கு வரும். சுவரில் உட்கார்ந்து அவரவர் இடதை வாங்கிப் போட்டுக்கொள்வோம். ஓடி முடித்ததும் மறுபடி மாற்றிக்கொள்வோம். இந்த ஏற்பாடு ஏன் பலிக்கிறது என்று ஒருமுறை அவரே விளக்கினார்: "நாம ஆசைக்கு எந்திரிக்கிற ஜாதி இல்ல நித்யா. வெக்கத்துக்குத்தான் எந்திரிப்போம்." மன உறுதியைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு உண்மை இருந்ததாக நினைவில்லை.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அடுத்தவங்க காலணியை வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறியே, உருப்படுமா?" என்பார். பின்கட்டில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சொன்னேன். "அங்க பெருச்சாளி வருமே? உங்கம்மாகிட்ட சொல்லு, நான் கிறிஸ்டின், என் ஷூவும் கிறிஸ்டின், தீட்டெல்லாம் அதுக்குத் தெரியாதுன்னு" என்றார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஷூ பின்கட்டிலிருந்து ஜன்னல் திண்டுக்கு ஏறியது.

புரட்டாசியில் குறுவை அறுவடை நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் புறப்பட்டு, ஆற்றங்கரையை விட்டு ஊருக்குள் இறங்கும் சாலையில் ஓடினோம். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே டிராக்டர் வந்தது. ஒதுங்கும்போது ஸ்டெல்லா மிஸ் நெல்லின் ஓரத்தில் கால் வைத்துவிட்டார். தலையில் துண்டு கட்டிய அம்மாள் ஒருவர் நெல் தள்ளும் பலகையோடு வந்தார். "ஏம்மா, கண்ணு தெரியல? ஷூக் காலோட சோத்துல ஏறுற? காலங்காத்தால வேலவெட்டி இல்லாம ஓடறதுக்கு, இதக் கிளறி உட்டாலாவது புண்ணியம்."

ஸ்டெல்லா மிஸ் சாலையோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நெல்லில் இறங்கினார். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேர்கோடாகப் போனார். அவர் பின்னால் அடிநெல் ஈரத்தோடு மேலே வந்து கிடந்தது. "வாடி, இதுக்கு மூச்சு வாங்காது" என்றார். நானும் இறங்கினேன். நெல் குதிகாலில் குத்தியது, சுட்டது. அந்த அம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்த வழியாகவே ஓடினோம். நெல் விரிக்கும்போது அந்த அம்மாள் சாலையோரத்தில் ஒரு முழ அகலம் எங்களுக்காக விட்டு வைத்தார். ஒருநாள் போகவில்லை. மறுநாள், "நேத்து எங்க போனீங்க? எடத்த வுட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்று கேட்டார். அதன் பிறகு அந்த அறுவடை முடியும்வரை நாங்கள் தவறவில்லை. எங்களை எழுப்ப மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

ஒரு கல்லூரி நடத்திய ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்திலும் கலந்துகொண்டோம். அவர்தான் பெயர் கொடுத்தார், எனக்குச் சொல்லாமல். கடைசியாக வந்தோம். கடைசிக்கு முந்தையவர் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். எங்கள் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் ஊர்ந்து வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "மேடம், ஏறிக்கிறீங்களா? யாரும் பாக்கல" என்றார். "தம்பி, அதுல படுத்துத்தான் ஏறுவேன். இப்ப ஏற மாட்டேன், நீ வா" என்றார் ஸ்டெல்லா மிஸ். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் எல்லைக்கோட்டுப் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைக் குரலில் அவர் கத்தினார்: "டேய், கட்டுங்கடா அத! இன்னும் ரெண்டு பேர் இருக்கோம்!" அவர்கள் நடுங்கிப்போய் மறுபடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதன் கீழே ஓடினார். ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் வாழைப்பழம் தீர்ந்திருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த நாள் இன்னொன்று. ஆற்றில் தண்ணீர் வந்த நாள். கல்லணையில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. காய்ந்து கிடந்த ஆற்றின் கரையில் ஓடிக்கொண்டிருந்தோம். எதிர்த்திசையில் ஆற்றின் நடுவே ஏதோ பழுப்பாக அசைந்து வருவது தெரிந்தது. தண்ணீரின் முனை. குப்பை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரப்பிவிட்டு மறுபடி நகர்ந்து வந்தது. அவசரமே இல்லை. ஸ்டெல்லா மிஸ் நின்று பார்த்தார். "நித்யா, நம்ம ஸ்பீடுல ஒரு ஆள் வந்துட்டாண்டி" என்றார். திரும்பி, தண்ணீரோடு சேர்ந்து பாலம்வரை ஓடினோம். அது நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம். பாலத்தில் பெண்கள் பூவோடு நின்றார்கள். தண்ணீர் எங்களைவிடக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தது. "இதுகிட்டயும் தோத்தாச்சா" என்று அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கடினமானது. ஐப்பசி மாதத்தில் சில நாட்கள் அவர் மதிய உணவுக்குப் பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வாயு" என்றார். ஸ்டாஃப் ரூமில் நம் எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னார். ஒருவர் ஓமத் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தார், ஒருவர் கிழங்கு சாப்பிடாதீங்க என்றார். இடது தோள் வலிக்கிறது என்றபோது, கரும்பலகையில் உயரமாக எழுதுவதால் என்று நாமே முடிவு செய்தோம். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு முதல் பெயர் வாயு. நாம் யாரும் பொய் சொல்லவில்லை. அன்பாகத்தான் கொடுத்தோம். அந்த ஓமத் தண்ணீர் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அடக்கத்தன்று அவர் கல்யாணப் புடவையில் இருந்தார். பாதங்களில் வெள்ளைக் காலுறை. சேறு இல்லாத அந்தப் பாதங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உறவினர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: "ஓடாத ஓடாதன்னு சொன்னனே, கேட்டியா? இந்த வயசுல உனக்கு என்னடி ஓட்டம்?" கூட்டத்தில் சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்று காலை அவர் எழுந்து, காபி குடித்து, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து வலது காலில் ஷூவை மாட்டியிருக்கிறார். "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சாய்ந்தவர் பிறகு பேசவில்லை. இதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வலது ஷூவை ஆஸ்பத்திரியில் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சில நாட்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பைக்குள் அவருடைய இடது ஷூ இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கொடுக்க முடியவில்லை. ஆரோக்கியராஜ் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மிஸ், தப்பா நெனைக்காதீங்க. அவ ஓடாம இருந்திருந்தா இருந்திருப்பாளா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்திருப்பார் என்றால் அவருக்குக் கோபப்பட ஓர் இடம் கிடைத்திருக்கும். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டும் எனக்குத் தெரியாதவை. "தெரியலண்ணே" என்றேன்.

"டாக்டரும் அதான் சொன்னாரு. அடைப்பு ரொம்ப நாளாவே இருந்திருக்குமாம். ஓடினதால போனாங்கன்னும் சொல்ல முடியாது, ஓடினதாலதான் இத்தன நாள் இருந்தாங்கன்னும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஒன்னு சொல்லித் தொலைக்கலாம்ல?" பிறகு சொன்னார்: "ஸ்கூல் புக்குல நீங்கதான் எழுதறீங்கன்னு ஹெச்செம் சொன்னாங்க. ஓட்டத்தப் பத்தி வேணாம் மிஸ். மத்ததெல்லாம் எழுதுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார்: "குடுத்துட்டியா?" பையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "செத்தவங்க செருப்பு வீட்ல இருக்கக் கூடாதுடி. குடுக்க மனசு வரலைன்னா ஆத்துலயாவது உட்டுடு. நீயும் இனிமே ஓட வேணாம். அந்தம்மாவுக்கு ஆனது போதும்."

ஓடாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரமே தூக்கம் போயிருந்தது. புத்தகத்தில் அதே வரி மறுபடி மறுபடி வரத் தொடங்கியிருந்தது. என் இடது ஷூ அவர் வீட்டில் இருந்தது. புது ஜோடி ஷூ வாங்கப் பெரிய கடைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. ஆனால் நான் வாங்கவில்லை. ஓடினால் என் நெஞ்சுக்குள்ளும் ஏதாவது காத்துக்கொண்டிருக்குமோ என்று பயம். ஓடாவிட்டால் அந்தப் பழைய வருடம் திரும்பி வருமோ என்று பயம். ஆகவே இரண்டுங்கெட்டானாக ஒன்று செய்தேன். ஒவ்வொரு காலையும் வலது காலில் ஷூவும் இடது காலில் செருப்புமாகப் பாலத்துக்குப் போனேன். ஸ்டெல்லா மிஸ்ஸின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் திரும்பிவிடுவேன். டீக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேலி செய்யாதது என்னவோ போல இருந்தது.

முப்பதாம் நாள் பூசை டிசம்பரில் வந்தது. ஸ்டெல்லா மிஸ்ஸின் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் எரிந்தது. அவர் வீட்டு வாசலில் மட்டும் வெறும் கொக்கி. மாதா கோயிலில் ஆரோக்கியராஜ் தூரத்திலிருந்து தலையசைத்தார்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு காலை. பனி இறங்கியிருந்தது. நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. மஃப்ளர் சுற்றியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"தெனமும் வர்றீங்களாமே" என்றார் ஆரோக்கியராஜ். "டீக்கடைக்காரரு நேத்து லைன்ல ஃபால்ட்டுன்னு கூப்பிட்டாரு. வந்தா கரண்ட் நல்லாத்தான் இருக்கு. 'சார், அந்த டீச்சர் ஒத்தக் கால்ல ஷூவ மாட்டிக்கிட்டு உக்காந்துட்டு உக்காந்துட்டுப் போவுது, என்னன்னு கேளுங்க'ங்கறாரு."

அவர் பைக்கிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். என் இடது ஷூ. பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. உள்ளே காகிதம் திணித்திருந்தது.

"அவ போறதுக்கு முத நாளு சாயங்காலமே கழுவி ஜன்னல்ல வச்சுட்டா. ஒரே சேறா இருந்துச்சு போல. இத்தன நாளு இது அவளோடதுன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன் மிஸ். நேத்து வலது ஷூவோட சேத்து வச்சுப் பாத்தேன். ஜோடி சேரல, இது சின்னதா இருந்துச்சு. ஷூவ மாத்திக்கறோம்னு முன்னமே சொல்லியிருக்கா. நான்தான் ஏதோ வெளையாட்டுன்னு காதுல போட்டுக்கல."

நான் மடியிலிருந்த பையை நீட்டினேன். அவர் ஸ்டெல்லா மிஸ்ஸின் இடது ஷூவை வெளியே எடுத்தார். அந்தக் கடைசி ஓட்டத்தின் சேறு அதன் பக்கவாட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கழுவியிருக்கவில்லை. அவர் அதைக் கட்டைவிரலால் தொட்டார், சுரண்டவில்லை.

"எதுவரைக்கும் ஓடுவா?"

அவர் தன் மனைவி ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையோரம் தெரிந்த மதகைக் காட்டினேன். "அந்த மதகு வரைக்கும்ணே. போய்த் திரும்பி வருவோம்."

"நிக்காமயா?"

"நின்னு நின்னுதான். பாதி நடைதான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வீட்ல வந்து என்னா பீத்துவா தெரியுமா? நான் ஏதோ பெரிய ஓட்டம்னு நெனச்சேன்." மதகை மறுபடி ஒருமுறை பார்த்தார். "சரி மிஸ், எழுதுங்க. ஓட்டத்தப் பத்தியே எழுதுங்க. வேகமா ஓடினான்னு மட்டும் எழுதிடாதீங்க. படிக்கிற பிள்ளைங்க சிரிக்கும்."

பிறகு ஷூவை மறுபடி என் பைக்குள் வைத்தார். "அண்ணே, இது உங்க வீட்ல…" என்று ஆரம்பித்தேன். அவர் தலையசைத்தார்.

"வேணாம். வலது எங்கிட்ட இருக்கு. ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா அது செத்தவ ஷூ ஆயிடும் மிஸ். இப்பிடியே இருக்கட்டும்."

அவர் போன பிறகு செருப்பைக் கழற்றி இடது ஷூவை மாட்டினேன். ஒரு கால் வெள்ளை, ஒரு கால் பழுப்பு. ஸ்டெல்லா மிஸ் கழுவிய வெள்ளையைச் சேற்றில் வைக்கக் கால் வரவில்லை. பிறகு வைத்தேன். மதகுவரை போய் வந்தேன், பல இடங்களில் நின்று. ஒவ்வொரு முறை நின்றபோதும் ஓடிக் களைத்தவளைப் போலல்லாமல், சந்தேகப்படுகிறவளைப் போல என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டேன். அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை. மருத்துவரிடம் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் அது போகவில்லை. ஆரோக்கியராஜின் கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது வாயு என்று தோன்றினால், தயவுசெய்து ஓமத் தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். அவர் பெயரால் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு காலுக்கான ஷூ, அதுவும் எனக்குச் சேராத அளவில். தினமும் அதைப் பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். பாலத்துச் சுவரில் ஆற்றைப் பார்த்தபடி வைத்துவிட்டு மதகை நோக்கி ஓடுகிறேன். அதை எடுக்கவாவது நான் திரும்பி வந்தாக வேண்டும். டீக்கடைக்காரர் அதற்கு ஒரு கண் வைத்துக்கொள்கிறார். போன வாரம், "டீச்சர், சீக்கிரம் வாங்க, உங்காளு காத்துக்கிட்டிருக்காங்க" என்று கத்தினார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து வந்த முதல் கேலி அது.

இன்று காலை பனி அதிகம். எழுந்திருக்க மனமில்லாமல் படுத்திருந்தேன். ஆற்றில் விட்டுவிடு என்று சொன்ன அம்மா, ஜன்னல் திண்டிலிருந்து அதை எடுத்து வந்து என் தலைமாட்டில் பொத்தென்று வைத்தார்.

"எந்திரிடி" என்றார். "அந்தம்மா எத்தன நேரம் ஒத்தக் கால்ல நிப்பாங்க?"